துருவக் கடல் பச்சையாகிறது, சரி, எந்தப் பச்சை?

ஆர்க்டிக் கடலில் தாவர மிதவை உயிரிகளின், அதாவது நீரில் மிதந்து வாழும் நுண்பாசிகளின், உற்பத்தி 1998-க்கும் 2018-க்கும் இடையில் 57 சதவீதம் கூடியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கெவின் அரிகோ குழுவினர் செயற்கைக்கோள் பதிவுகளிலிருந்து கணக்கிட்டு 2020-இல் வெளியிட்ட எண் இது. முதல் பத்தாண்டில் இந்த உயர்வுக்குப் பெரும்பாலும் பனி விலகியதே காரணம். அதற்குப் பிறகு, விரிந்து கிடந்த நீரிலேயே பாசியின் அடர்த்தியும் கூடத் தொடங்கியது.

இதைப் படிக்கும்போது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கும். பனி போனால் ஒளி உள்ளே போகிறது, பாசி கூடுகிறது. பாசி கூடினால் மீன் கூடும், காற்றிலிருக்கும் கரியமில வாயுவும் கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கும். ஆனால் இந்தக் கணக்கு ஒரு கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறது: கூடியது எது? மிதவைப் பாசி என்பது ஒரே உயிரினம் அல்ல. இரண்டு மைக்ரோமீட்டர்கூட இல்லாத மைக்ரோமோனாஸ் முதல், சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கண்ணுக்கே தெரியும் நீளத்துக்கு வளரும், சிலிக்கா ஓடு கொண்ட டயட்டம் வரை அதில் அடக்கம். எது பெருகியது என்பதைப் பொறுத்துத்தான் திமிங்கிலத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா, கார்பன் கடலடிக்குப் போகிறதா என்பதெல்லாம் தீர்மானமாகிறது. துருவக் கடலைப் பற்றி யோசிக்கும்போது 'எவ்வளவு' என்பதற்கு முன்பே 'எது' என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதை முடிவு செய்வது வெறும் குளிர் அல்ல.

குளிர் பெரிய காரணம் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கடல்நீர் உறையும் வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 1.8 டிகிரி. அந்த நீரிலும், அதைவிடக் குளிரான பனிக்கட்டிக்குள் ஓடும் உப்புநீர்க் கால்வாய்களிலும், ஃப்ராஜிலாரியோப்சிஸ் சிலிண்ட்ரஸ் என்ற டயட்டம் சுகமாக வாழ்கிறது. பனிப் படிகத்தில் ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்களைத் தானே சுரக்கிறது. துருவத்தில் வாழும் பாசிகள் எல்லாமே ஏதாவது ஒரு வழியில் குளிரைச் சமாளிக்கக் கற்றவைதான். அதனால் அவற்றுக்குள் நடக்கும் போட்டியில் வெற்றி தோல்வியை முடிவு செய்வது வேறு சில சங்கதிகள்: ஒளி, நீரின் அடுக்கு, உணவு உப்புகள், அப்புறம் மேய வருபவர்கள்.

ஒளியும் அடுக்கும்

துருவத்தில் ஒளி என்றால் அரையாண்டு இருட்டு, அரையாண்டு வெளிச்சம் என்று பள்ளியில் படித்ததோடு முடிவதில்லை. கடலின் மேல் பனிக்கட்டி இருக்கிறது. பனிக்கட்டியின் மேல் தூவிப் படிந்த வெண்பனி இருக்கிறது. வெண்பனிதான் பெரிய திரை. புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கோடையில் அது உருகி, பனிக்கட்டியின் மேல் குட்டைகளாகத் தேங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. அந்தக் குட்டைகள் ஒளியைக் கீழே இறக்கிவிடும் ஜன்னல்களாகின்றன.

2011 ஜூலையில் அலாஸ்காவுக்கு வடமேற்கே சுக்சிக் கடலில் 'ஹீலி' என்ற அமெரிக்கப் பனியுடைப்புக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. பனியின் ஓரத்தில்தான் பாசி பெருகும், உள்ளே போகப் போகக் குறையும் என்பதுதான் அதுவரை பாடம். கப்பல் உள்ளே போகப் போகப் பாசி கூடிக்கொண்டே போனது. ஏறக்குறைய ஒரு மீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி மூடியிருந்த நீரில், பனி ஓரத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே வரை டயட்டங்கள் அடர்ந்து கிடந்தன. மேலே தேங்கிய உருகுநீர்க் குட்டைகள் வழியாக ஒளி வந்திருந்தது. செயற்கைக்கோளுக்கு இதில் எதுவும் தெரியாது. அதன் கண்ணுக்கு அங்கே வெள்ளைப் பனி மட்டும்தான்.

இருட்டின் கணக்கும் நாம் நினைத்ததைப் போல இல்லை. 2019-20 குளிர்காலத்தில் 'போலார்ஸ்டெர்ன்' என்ற ஜெர்மன் கப்பல் வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் உறைந்து, பனியோடு சேர்ந்து மிதந்தது. மோசாய்க் என்று பெயரிட்ட அந்தப் பயணத்தில், மார்ச் கடைசியில், பனிக்கு அடியில் ஒளி இருக்கிறதா இல்லையா என்று கருவியே தடுமாறும் வேளையில், பாசிகள் வளரத் தொடங்கியிருந்தன. க்ளாரா ஹோப்பேயும் உடன் பணியாற்றியவர்களும் 2024-இல் வெளியிட்ட அளவு, ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 0.04 மைக்ரோமோல் ஒளித்துகள். உச்சி வெயிலின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒளிச்சேர்க்கைக்குக் கோட்பாட்டளவில் சாத்தியமான கடைசிப் படிக்கு அருகில் இருக்கிறது இது. ஆக, குளிர்காலம் முடியும்போது கடல் வெறுமையாக இருப்பதில்லை. இருட்டில் தாக்குப்பிடித்த விதைக் கூட்டம் ஒன்று தயாராகக் காத்திருக்கிறது. அந்த ஆண்டு வசந்தத்தில் எது முந்தும் என்பதில், இருட்டை எது நன்றாகக் கடந்தது என்பதற்கும் பங்கு உண்டு.

ஒளி வந்தால் மட்டும் போதாது. அந்த ஒளியில் நின்று நிதானமாகக் குளிக்கப் பாசிக்கு வாய்ப்பு வேண்டும். காற்று கடலைக் கலக்கிக்கொண்டே இருந்தால், மேலே வந்த பாசி அடுத்த மணியில் இருட்டுக்குள் இழுக்கப்பட்டுவிடும். நார்வே கடலில் நின்ற ஒரு வானிலைக் கப்பலின் பதிவுகளை வைத்து, ஹரால்ட் ஸ்வெர்ட்ரப் 1953-இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். கலக்கம் ஒரு குறிப்பிட்ட ஆழத்தைவிட மேலாக நின்றால்தான், சம்பாதிக்கும் ஒளி செலவைவிட மிஞ்சும், பெருக்கம் தொடங்கும். இன்றுவரை கடல் உயிரியலில் எல்லோரும் இந்தக் கணக்கோடுதான் சண்டை போடுகிறார்கள். மைக்கேல் பெரன்ஃபெல்ட் 2010-இல் வேறு பக்கத்திலிருந்து வந்தார். குளிர்கால ஆழக் கலக்கம் பாசியையும் மேய்பவர்களையும் நீர்த்துப்போகச் செய்து ஒருவருக்கொருவர் சிக்காமல் ஆக்குகிறது, பெருக்கத்தின் வேர் அங்கேயே இருக்கிறது என்றார். எனக்கு இரண்டுமே உண்மையின் பகுதிகளாகத்தான் படுகின்றன. பனி மூடிய கடலில் ஸ்வெர்ட்ரப்பின் கணக்கு ஒரு கூடுதல் வலு பெறுகிறது: உருகும் பனி நன்னீரைக் கொட்டுகிறது. உப்புக் குறைந்த நீர் லேசானது. அது மேலே ஒரு மெல்லிய அடுக்காக நின்று, பாசியைக் கீழே போகவிடாமல் பிடித்துவைக்கிறது.

இந்த அடுக்கு எவ்வளவு மெல்லியது என்பதே ஆளை மாற்றிவிடும். அண்டார்டிகாவின் ராஸ் கடலில் இது அழகாகத் தெரிகிறது. மேற்குக் கரையோரம் டெர்ரா நோவா விரிகுடாவில் உருகுநீர் அடுக்கு மெல்லியது, ஒளி நிறைய; அங்கே டயட்டங்களின் ராஜ்யம். கொஞ்சம் கிழக்கே, பனியற்ற திறந்த நீர்ப்பரப்பில், கலக்கம் ஆழமாகப் போகிறது. பாசி ஒரு நேரம் ஒளியிலும் ஒரு நேரம் இருட்டிலும் மாறி மாறிக் கிடக்கிறது. அங்கே ஃபியோசிஸ்டிஸ் அண்டார்டிகா ஜெயிக்கிறது. தனிச் செல்லாகப் பார்த்தால் சில மைக்ரோமீட்டர்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒரு வழுவழுப்பான கூழ்ப் பந்துக்குள் குடியிருக்கும். வலையில் அள்ளினால் வெந்த ஜவ்வரிசி மாதிரி வழியும். ஒரே கடல், ஒரே கோடை, சில நூறு கிலோமீட்டர் இடைவெளி. இரண்டு பக்கத்திலும் செயற்கைக்கோள் காட்டுவது பச்சைதான். ஆனால் ஒரே அளவு பாஸ்பரஸைச் செலவழித்து ஃபியோசிஸ்டிஸ் இழுத்துக்கொள்ளும் கரியமில வாயு, டயட்டம் இழுப்பதைவிட அதிகம் என்று அரிகோ குழு 1999-இலேயே காட்டியது. எந்தப் பாசி என்ற கேள்வி காலநிலைக் கணக்குக்கும் தேவை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

என்ன தட்டுப்பாடு?

ஒளியும் அடுக்கும் கதவைத் திறந்துவிட்டன. உள்ளே போன பிறகு, எந்தச் சரக்கு முதலில் தீர்கிறது என்பதுதான் விஷயம். இங்கே இரண்டு துருவங்களும் இரண்டு வேறு உலகங்கள்.

ஆர்க்டிக் நிலம் சூழ்ந்த கடல். உலகப் பெருங்கடலின் கன அளவில் ஒரு சதவீதம்தான். ஆனால் உலக ஆறுகள் கடலில் கொட்டும் நீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இங்கே வந்து விழுகிறது. ஓப், எனிசெய், லேனா, மெக்கென்சி எல்லாம் இதற்குள்தான். அதனால் மேலே எப்போதும் ஒரு நன்னீர் மூடி. கீழே இருக்கும் நைட்ரேட் மேலே ஏற முடிவதில்லை. ஆர்க்டிக்கின் பெரும்பகுதியில் கோடையில் முதலில் தீர்வது நைட்ரஜன்.

அதிலும் எந்த வாசல் வழியாக நீர் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பேரிங் நீரிணை வழியாக வரும் பசிபிக் நீரில் சிலிக்கா தாராளம், நைட்ரேட் ஒப்பீட்டில் குறைவு. டயட்டத்துக்குக் கண்ணாடி ஓடு கட்டச் சிலிக்கா கட்டாயம். அதனால் சுக்சிக் கடலில் அவை நைட்ரேட்டைக் கடைசிச் சொட்டு வரை தின்று தீர்க்கும் வரை ஆளுகின்றன. ஃப்ராம் நீரிணை, பேரண்ட்ஸ் கடல் வழியாக வரும் அட்லாண்டிக் நீரில் நிலைமை எதிர். அங்கே நைட்ரேட் இருக்கும்போதே சிலிக்கா தீர்ந்துவிடும். பொதுவாக டயட்டம் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் எடுக்கும். அட்லாண்டிக் நீரில் சிலிக்கா நைட்ரேட்டில் பாதி அளவுக்குத்தான் இருக்கிறது. மீதி நைட்ரேட் யாருக்கு? ஓடு தேவைப்படாத ஃபியோசிஸ்டிஸ் பூஷெட்டிக்கு. நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகளின் பக்கம் வசந்தத்தில் முதலில் டயட்டம், பின்னால் ஃபியோசிஸ்டிஸ் என்று வரிசை கட்டுவதற்குப் பெரிய காரணம் இந்த விகிதம்தான்.

தெற்கே வந்தால் எல்லாம் மாறிவிடுகிறது. அண்டார்டிகாவைச் சுற்றி ஓடும் நீரோட்டத்துக்கு நிலம் எங்கும் குறுக்கே நிற்பதில்லை. ஓயாத மேலைக்காற்று. ஆழத்திலிருந்து பழைய நீர் மேலேறி வருகிறது, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அள்ளிக்கொண்டு. ஆனாலும் அந்தக் கடலின் பெரும்பகுதி வருடம் முழுக்கத் தெளிந்த நீலம்தான். சாப்பாடு நிறைய இருந்தும் சாப்பிட ஆள் இல்லாத அந்தப் புதிர் பல பத்தாண்டுகள் அவிழாமல் இருந்தது.

கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் மார்ட்டின் அதை அவிழ்த்தார். அதற்கு முதலில் அவர் செய்ய வேண்டியிருந்தது அளவைச் சுத்தப்படுத்துவது. இரும்புக் கப்பலில் போய், இரும்புக் கம்பியில் குப்பியைக் கட்டி நீர் எடுத்தால், கடலில் இல்லாத இரும்பெல்லாம் குப்பியில் இருக்கும். மாசு படாமல் அளந்தபோது, தெற்குப் பெருங்கடலின் மேல்நீரில் ஒரு லிட்டருக்கு ஒரு கிராமின் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இரும்பு இருப்பது தெரிந்தது. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான்களைக் கைமாற்றவும், நைட்ரேட்டைச் செல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றவும் இரும்பு வேண்டும். அது இல்லாமல் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. பனியூழிக் காலத்தில் பாலைத் தூசி நிறைய விழுந்து, இரும்பு கிடைத்து, பாசி பெருகி, காற்றில் கரியமில வாயு குறைந்திருக்கலாம் என்று 1990-இல் மார்ட்டின் எழுதினார். தன் கருத்து கடலில் நேரடியாகச் சோதிக்கப்படுவதைப் பார்க்காமலே 1993-இல் இறந்துபோனார். அதே ஆண்டு முதல் சோதனை நடந்தது. அதற்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட முறை கப்பல்கள் கடலில் இரும்பு உப்பைக் கரைத்துவிட்டுக் காத்திருந்திருக்கின்றன.

அவற்றில் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டும் அதே போலார்ஸ்டெர்ன் கப்பலில், தெற்குப் பெருங்கடலின் அட்லாண்டிக் பகுதியில், தனக்குள் சுழன்றுகொண்டிருந்த நீர்ச்சுழல்களின் நடுவில் நடந்தவை. முதலாவது ஐஃபெக்ஸ், 2004. சிலிக்கா நிறைந்த நீர். இரும்பு விழுந்ததும் டயட்டங்கள் எழும்பின. சில வாரங்களில் அவை கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு மூழ்கின. பெருகியதில் பாதியாவது 1000 மீட்டருக்குக் கீழே போய்ச் சேர்ந்தது என்று விக்டர் ஸ்மெட்டாசெக் குழுவினர் 2012-இல் எழுதினார்கள். இரும்பு போட்டால் கார்பன் இறங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டாவது லோஹாஃபெக்ஸ், 2009. இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தியது; கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனத்தின் வாஜிஹ் நக்வியும் ஸ்மெட்டாசெக்கும் தலைமை. கப்பல் புறப்பட்ட பிறகும் சுற்றுச்சூழல் அமைப்புகளின் எதிர்ப்பால் ஜெர்மன் அரசு சோதனையை நிறுத்திவைத்து, பின்னர்தான் அனுமதித்தது. 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரண்டு டன் இரும்பு, பின்னர் மீண்டும் இரண்டு டன். 39 நாள் அந்த நீர்த்திட்டைக் கப்பல் பின்தொடர்ந்தது. பச்சையம் இரண்டு மடங்கானது. மேலிருந்து பார்ப்பவருக்கு இதுவும் வெற்றிதான்.

நீரை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது வேறு. அந்த நீரில் சிலிக்கா லிட்டருக்கு இரண்டு மைக்ரோமோல்கூட இல்லை. முந்தைய இயற்கைப் பெருக்கங்கள் அதைத் தீர்த்துவிட்டிருந்தன. டயட்டங்கள் மொத்தப் பாசியில் பத்து சதவீதத்தை எட்டவில்லை. பெருகியது ஓடில்லாத சின்னச் சின்னப் பாசிகள். அவற்றைக் கோபிபாட் என்ற இறால் இனத்துக் குட்டிப் பிராணிகள் மேய்ந்தன. அந்தக் கோபிபாட்களைத் தின்ன தெமிஸ்டோ என்ற இன்னொரு கணுக்காலி திரண்டு வந்தது. மூழ்கிய கார்பனை அளந்தால், இரும்பு போட்ட இடத்துக்கும் போடாத இடத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மேலேயே உண்டு, மேலேயே மூச்சாக வெளிவந்துவிட்டது.

அதே இரும்பு, அதே வகைச் சுழல், அதே கப்பல். மாறியது சிலிக்கா, அதனால் மாறியது ஆள், அதனால் மாறியது கார்பனின் தலையெழுத்து. கடலில் இரும்பு போட்டுப் புவியைக் குளிர்விக்கலாம் என்று இன்றும் சிலர் பேசும்போது, லோஹாஃபெக்ஸை ஒரு தோல்வி என்று ஒதுக்கிவிட்டு ஐஃபெக்ஸை மட்டும் எடுத்துக்காட்டுவதைப் பார்க்கிறேன். இது சரியல்ல. லோஹாஃபெக்ஸ் ஒரு நேர்மையான, அரிய முடிவு. அந்தக் கடல் எப்படி இயங்குகிறது என்பதை அது ஐஃபெக்ஸுக்குக் குறையாமல் சொல்லித் தந்தது.

சிலிக்காவும் இரும்பும் தனித்தனிக் கணக்குகளும் அல்ல. இரும்புப் பசியில் இருக்கும் டயட்டம், நைட்ரேட்டோடு ஒப்பிடும்போது சிலிக்காவை அதிகமாக எடுத்துக் கனத்த ஓடு கட்டுகிறது. ஃப்ராஜிலாரியோப்சிஸ் கெர்கூலென்சிஸ் இதில் பெயர்பெற்றது. விலா எலும்பாக வரிவரியாகக் கட்டிய அதன் ஓட்டைக் கோபிபாட்டின் தாடை உடைக்கத் திணறும். இவை செத்து மூழ்கும்போது அள்ளிக்கொண்டு போவது கார்பனைவிடச் சிலிக்காவை. அண்டார்டிகாவைச் சுற்றிய கடலடியில் சிலிக்காச் சேறு ஒரு பட்டையாகவே படிந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். மேலே மிஞ்சி வடக்கே நகரும் நீரில் நைட்ரேட் இருக்கும், சிலிக்கா இருக்காது. லோஹாஃபெக்ஸ் போய் நின்ற வகை நீர் அதுதான்.

இரும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பச்சைத் திட்டுகளின் வரைபடமே புரிந்துவிடும். கெர்கூலென், தெற்கு ஜார்ஜியா தீவுகளின் அடிவாரம், உருகும் பனியாறு, மிதந்து போகும் பனிமலை, காற்றில் வரும் தூசி. 2019-20 ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகையில் போன இரும்பு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தெற்குப் பெருங்கடலில் ஒரு பெரும் பெருக்கத்தைக் கிளப்பியது. திமிங்கிலத்தின் சாணத்துக்கும் இதில் இடமுண்டு: அங்குள்ள கடல்நீரில் இருப்பதைவிட ஏறக்குறைய கோடி மடங்கு செறிவில் இரும்பு அதில் இருக்கிறது. தான் தின்னும் கிரில் என்ற இறால் போன்ற சின்னப் பிராணியில் அடைபட்ட இரும்பைத் திமிங்கிலம் மேல்நீருக்கே திருப்பித் தருகிறது. இருபதாம் நூற்றாண்டில் நாம் அந்தத் திமிங்கிலங்களை வேட்டையாடித் தீர்த்தபோது, இந்தச் சுழற்சியிலும் கை வைத்தோம்.

சில இடங்களில் வைட்டமின் பி12 கூடத் தட்டுப்பாடாகிறது. பாக்டீரியாக்களும் ஆர்க்கியா என்ற வேறொரு வகை நுண்ணுயிரிகளும் மட்டுமே அதைத் தயாரிக்க முடியும். ராஸ் கடலில் இரும்போடு பி12-ஐயும் சேர்த்துக் கொடுத்தபோது டயட்டங்கள் இன்னும் நன்றாக வளர்ந்தன.

மேய்பவர்கள்

வளர்வது ஒரு பாதி. பிழைப்பது மறு பாதி. அண்டார்டிக் கிரில் தன் முன்கால்களைக் கூடையாக விரித்து நீரை வடிகட்டும். அந்தக் கூடையில் டயட்டம் நன்றாகச் சிக்கும். ஏழெட்டு மைக்ரோமீட்டர் அளவுள்ள கிரிப்டோஃபைட்டுகள் என்ற ஓடில்லாத பாசிகள் பெரும்பாலும் நழுவிவிடும். சல்ப் என்ற பீப்பாய் வடிவக் கூழுயிரிக்கு அந்தச் சிரமம் இல்லை; அதன் சளிவலை மிகச் சின்னதையும் பிடிக்கும். கிரில் இருந்தால் பெங்குவினுக்கும் சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் விருந்து. சல்ப் இருந்தால் பெரும்பாலும் நீர்தான்.

நேரமும் முக்கியம். ஸ்வால்பார்டின் வடக்கே ரிப்ஃபியோர்டில் கலானஸ் கிளாசியாலிஸ் என்ற கோபிபாட்டை ஆண்டு முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டி வளரும் பனிப்பாசியைத் தின்று தாய் முட்டையிடுகிறது. சுமார் இரண்டு மாதம் கழித்துத் திறந்த நீரில் பாசி பெருகும்போது, குஞ்சுகள் சரியாக மேயும் பருவத்தில் இருக்கின்றன. பனி சீக்கிரம் உடைந்தால் இந்த இரண்டு பந்திகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுருங்கிவிடும். குஞ்சுகள் வரும்போது பந்தி முடிந்திருக்கும். கொழுப்பு நிறைந்த இந்தக் கோபிபாட்டை நம்பித்தான் துருவக் காட் மீனும், சின்ன ஆக் என்ற கடற்பறவையும் இருக்கின்றன.

பனிப்பாசி மேலே தின்னப்படாமலும் போகலாம். 2012-இல், ஆர்க்டிக் பனி அதுவரை பதிவான அளவில் மிகக் குறைந்த அந்தக் கோடையில், ஆண்டியே பேட்டியஸ் தலைமையில் போலார்ஸ்டெர்னில் போனவர்கள் கடலடிக்குக் கேமராவை இறக்கினார்கள். 4000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் மெலோசிரா ஆர்க்டிகா என்ற பனி டயட்டத்தின் பச்சைக் கட்டிகள் சிதறிக் கிடந்தன. கடல் வெள்ளரிகள் அவற்றைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன. உருகிய பனி கைவிட்டதும் இழை இழையாகத் தொங்கிய பாசி நேராக அடிக்குப் போயிருந்தது.

இப்போது எது மாறுகிறது?

மாற்றம் ஒரே திசையில் இல்லை. இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் செய்திகளில் ஒரே திசைதான் வருகிறது.

ஆர்க்டிக் கடலின் கனடா படுகையில் 2004 முதல் 2008 வரை நீர் மேலும் நன்னீராகி, அடுக்கு இறுகியது. வில்லியம் லி குழுவினர் எண்ணிப் பார்த்தபோது, மைக்ரோமோனாஸ் அளவுள்ள மிகச் சிறிய பாசிகள் கூடியிருந்தன. அவற்றைவிடக் கொஞ்சம் பெரியவை குறைந்திருந்தன. சின்னதற்கு உடலளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம், அதனால் உணவு உப்பு குறைந்த நீரிலும் பிழைக்கும். ஆனால் உணவுச் சங்கிலியில் இது கூடுதல் படிகள் என்று பொருள்: மைக்ரோமோனாஸை ஒற்றைச் செல் உயிரி தின்ன வேண்டும், அதைக் கோபிபாட் தின்ன வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஆற்றல் கரைந்துபோகும்.

பேரண்ட்ஸ் கடலில் நேரெதிர்: அங்கே அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் உள்ளே தள்ளிக்கொண்டு வருகிறது. அதோடு எமிலியானியா ஹக்ஸ்லீ என்ற சுண்ணாம்புத் தகடு போர்த்திய பாசியும் வடக்கே நகர்கிறது. ஆகஸ்ட் மாதச் செயற்கைக்கோள் படங்களில் கடல் பால் கலந்த பச்சைநீலமாகத் தெரிவது அதனால்தான். உள்ளே வரும் அட்லாண்டிக் நீரிலேயே சிலிக்கா பல பத்தாண்டுகளாகக் குறைந்துவருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பக்கத்து டயட்டங்களின் பங்கு குறுகுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

அண்டார்டிகத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஒரே கரைக்குள் இரண்டு கதை. 2009-இல் மார்ட்டின் மான்டெஸ்-ஹுகோ முதலானோர் முப்பது ஆண்டு மாற்றத்தைக் கணக்கிட்டபோது, கரை முழுதாகப் பச்சையம் 12 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் வடக்கில் பனி போய், மேகமும் காற்றும் கூடி, கலக்கம் ஆழமாகிப் பாசி குறைந்தது. தெற்கில் பனி விலகி ஒளி கிடைத்துப் பாசி கூடியது. பனி விலகுவது நல்லதா கெட்டதா என்று கேட்டால், எந்த இடத்தில் என்றுதான் திருப்பிக் கேட்க முடியும். இதே கரையில் பனியாற்றின் உருகுநீர் பரவும் இடங்களில் உப்புக் குறைந்த நீரைத் தாங்கும் கிரிப்டோஃபைட்டுகள் டயட்டங்களின் இடத்தைப் பிடிக்கின்றன. அவை கிரில்லின் கூடையில் நிற்காதவை.

இவ்வளவையும் வானத்திலிருந்து பிரித்தறிவது இதுவரை மிகக் கடினமாக இருந்தது. பெரும்பாலான கடல்நிறச் செயற்கைக்கோள்கள் ஒரு சில நிறங்களில் மட்டுமே அளந்ததால், பச்சையம் எவ்வளவு என்பதைத்தான் அவை நன்றாகச் சொல்லின. 2024 பிப்ரவரி 8 அன்று நாசா ஏவிய பேஸ் செயற்கைக்கோள், புற ஊதா முதல் அகச்சிவப்புக்கு அருகில் வரை நூற்றுக்கு மேற்பட்ட நெருக்கமான நிறப்பட்டைகளில் அளக்கிறது. ஒவ்வொரு வகைப் பாசியின் நிறமிகளும் ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சுவதால், எந்த வகை என்பதையும் அதிலிருந்து எடுக்க முடியும். ஆனால் மேகமும் பனியும் துருவ இரவும் அதற்கும் தடைதான். அங்கே நீருக்குள்ளேயே கருவி வேண்டும். தெற்கில் அந்த வேலையைப் பனிக்கு அடியிலும் முங்கி எழும் மிதவைகள் செய்கின்றன. வடக்கில் ஸ்வால்பார்டின் காங்ஸ்ஃபியோர்டனில், சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த இண்டார்க் நங்கூரமிதவை 2014 முதல் ஏறக்குறைய 190 மீட்டர் ஆழத்திலிருந்து வெப்பத்தையும் உப்பையும் நீரோட்டத்தையும் அளந்துவந்திருக்கிறது. அந்தக் குறுகிய நீர்வழிக்குள் ஒரு பக்கம் பனியாற்று உருகுநீர், மறுபக்கம் அட்லாண்டிக் நீர். எந்த ஆண்டில் எது மிஞ்சியது என்று தெரிந்தால், அந்த வசந்தத்தில் டயட்டம் வந்ததா ஃபியோசிஸ்டிஸ் வந்ததா என்பதற்குக் காரணம் சொல்லத் தொடங்கலாம்.